பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன பாஸ்வர்ட்

பாஸ்வர்ட் என்ற சொல்லை நான் முதன்முதலாக ஒருவர் காதில் சொன்னது முழங்காலில் நின்றுகொண்டுதான். சுங்கைப் பட்டாணியில் எங்கள் கோயிலின் வலப்பக்கத்தில் பாவசங்கீர்த்தனப் பெட்டி இருந்தது. உள்ளே மெழுகுவத்தி வாசமும் பழைய மரத்தின் வாசமும் அடிக்கும். நடுவில் ஒரு வலை. வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதர், இந்தப் பக்கம் பாவி. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அம்மாவை எதிர்த்துப் பேசியது, பூசையில் பராக்குப் பார்த்தது, பக்கத்து லயத்து வீட்டுக்காரியைப் பற்றி வம்பு பேசியது என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு, மூச்சு விடாமல், "இந்த மாசத்து பாஸ்வர்ட் நாசிலெமாக், ஃபாதர்" என்றேன்.

ஃபாதர் வலைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார்.

"அது பாவமாம்மா?"

"இல்ல ஃபாதர். பாஸ்வர்ட்."

"மணி அஞ்சே கால் ஆவுது. பூச முடியிற வரைக்கும் நான் வாயில ஒண்ணும் போட முடியாது. இப்ப வந்து நாசிலெமாக்குங்கிறியே லா!"

மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். அது பாவத்துக்கா பாஸ்வர்டுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைப்பீர்கள். எண்பதுகளின் பின்பாதி அது. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் தன் அலுவலகத்தில் புதுசு வாங்கியதும் பழைய கம்ப்யூட்டரைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, டிஸ்க் போட இரண்டு வாய். உள்ளே எதையும் சேர்த்துவைக்காது. எல்லாம் அந்த வளைகிற கறுப்பு டிஸ்குகளில்தான். ஃபாதருக்குப் பெருமை தாங்கவில்லை. பங்கின் குடும்பப் புத்தகங்கள் அத்தனையையும் இதில் ஏற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். ஏற்கெனவே செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களின் புத்தகத்தில் கரையான் பாதிக் குடும்பங்களைச் சாப்பிட்டு முடித்திருந்தது.

டைப்பிங் படித்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பதால் இன்னொருவரைக் கூப்பிட்டார்கள். அவர் புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியர்; வீடும் அங்கேதான். வயது இருபத்தெட்டு. ஒல்லி. பேசும்போது காது சிவக்கும். நான் திங்கள், புதன், வெள்ளி காலையில் போவேன். அவர் செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டதும் மோட்டார் சைக்கிளில் வருவார். சனிக்கிழமை மாலை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த வாரம் ஏற்றியதை வேறு இரண்டு டிஸ்கில் நகல் எடுப்போம். ஒன்று அலுவலக இரும்பு அலமாரிக்கு. இன்னொன்று ஈரம் அண்டாமல் கரித்துண்டு போட்ட பிஸ்கட் டின்னில், பூசை உடுப்புகள் வைக்கிற அறைக்கு. மற்ற ஆறு நாளையும் நான் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாழ்ந்தேன் என்று இப்போது சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

குடும்பப் புத்தகம் என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். யார் எப்போது ஞானஸ்நானம் பெற்றார், யார் யாரைக் கட்டினார், எந்தக் கல்யாணம் கோயிலில் நடந்தது, எது ரெஜிஸ்டர் ஆபீசோடு நின்றது, எந்தப் பிள்ளைக்கு அப்பா பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது, எல்லாம் அதில் உண்டு. பெண் பார்ப்பவர்கள் அந்தத் திரைக்கு முன்னால் தவம் கிடந்தார்கள். பூசைக்கு எழுதிக் கொடுக்க வருகிற சாக்கில் என் தோளுக்கு மேல் தலையை நீட்டுவார்கள். "சும்மா பாக்குறேன் தங்கச்சி, அந்த ரெண்டாவது பொண்ணுக்கு நெசமாவே இருவத்தஞ்சுதானா?" என்று ஒரு அக்கா வெளிப்படையாகவே கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கம்ப்யூட்டரையே அணைத்தேன். சேமிக்காத ஏழு குடும்பங்கள் அதோடு போய்ச் சேர்ந்தன.

அதனால்தான் பூட்டு வந்தது. கம்ப்யூட்டரோடு வந்த டிஸ்குகளில் ஒன்றில் அதற்கான ஒரு புரோகிராம் இருந்ததை அவர் கண்டுபிடித்தார். ஒரு பாஸ்வர்டைக் கொடுத்தால் அது கோப்பு முழுவதையும் கலைத்துப் போட்டுவிடும். அதே பாஸ்வர்டைக் கொடுத்தால்தான் பழையபடி சேர்த்துத் தரும். கலைந்த கோப்பைத் திரையில் திறந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? சிரிக்கிற முகங்கள், இதயங்கள், சீட்டுக்கட்டு டைமண்டுகள், நடுநடுவே ஒரு 'பீப்'. பெயரும் தேதியும் போன இடம் தெரியாது. முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஃபாதர் எழுந்து வந்துவிட்டார்.

"இது யாரு?" என்றார் திரையைக் காட்டி.

"செமிலிங், ஃபாதர். எம்பத்தி மூணு குடும்பம்."

"எல்லாரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க," என்றார்.

பாஸ்வர்டை மாதம் ஒரு தடவை மாற்ற வேண்டும், ஒரு மாதம் நான், ஒரு மாதம் அவர் என்று ஏற்பாடு. எந்தக் காகிதத்திலும் எழுதக் கூடாது என்பது ஃபாதரின் கண்டிப்பான உத்தரவு. காரணம், புத்தக அலமாரியின் சாவி பன்னிரண்டு வருஷமாக அலமாரிக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கியதை அவர் அப்போதுதான் கவனித்திருந்தார். அதனால் மாற்றுகிறவர் மற்றவர் காதில் சொல்ல வேண்டும், ஃபாதருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

"நாளைக்கே நீங்க ரெண்டு பேரும் ஒரே லாரியில அடிபட்டுப் போயிட்டீங்கன்னா, நான் யாரப் போய்க் கேக்குறது?"

ஒரே லாரியில், இரண்டு பேரும் என்ற நினைப்பே எனக்கு அன்றைக்கு முழுவதும் இனித்தது.

ஆனால் ஃபாதரைப் பிடிப்பது எங்கே? இன்றைக்கு ஒரு தோட்டத்தில் பூசை, நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரி, மறுநாள் பெண்டாங்கில் சாகக் கிடக்கிற யாரோ ஒரு பாட்டிக்கு அவஸ்தை பூசுதல். அலுவலகத்தில் இருக்கிற நேரத்திலும் எதிரில் நாலு பேர். அவர் நிச்சயமாகத் தனியாக, அசையாமல், காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பாவசங்கீர்த்தனப் பெட்டி. அங்கே கேட்டதை உயிரே போனாலும் ஃபாதர் வெளியே விட மாட்டார். இதைவிடப் பத்திரமான இடம் எந்த பேங்கில் இருக்கிறது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். நாசிலெமாக் அப்படித்தான் உள்ளே போனது. என்னோடு வேலை செய்த அவரிடமும் இந்த யோசனையைச் சொன்னேன். "நல்ல ஐடியாதான்," என்றார், காது சிவக்க. அடுத்த மாதம் அவரும் வரிசையில் நின்று தன் பாஸ்வர்டைப் பாவங்களுக்குப் பின்னால் சொல்லிவிட்டு வந்தார். எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு தடவைகூட யாரும் ஃபாதரிடம் அதைத் திருப்பிக் கேட்க வேண்டிய தேவை வரவில்லை. அதுதான் வினை.

இதற்கிடையில் எங்கள் விஷயம் வேறு ஒரு பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. எதுவரை ஏற்றியிருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் எழுதிவைக்க ஒரு சின்னக் கோப்பு வைத்திருந்தோம். ஆங்கில எழுத்தில் தமிழ். அதையும் வழக்கமான பாஸ்வர்ட் போட்டுப் பூட்டிவிடுவோம். முதலில் யோக்கியமாகத்தான் இருந்தது. "நாற்பத்தோராம் குடும்பத்தோடு நிறுத்தியிருக்கிறேன். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பிறந்த தேதி. யார் செய்த தப்பு?" என்று அவர் எழுதுவார். "நான் செய்யவில்லை. என் தப்புகள் இதைவிட நன்றாக இருக்கும்," என்று நான் எழுதுவேன். பிறகு, "நேற்று மழை. நீங்கள் நனைந்தீர்களா?" பிறகு, "நனைந்தேன். நாற்காலி ஈரமாக இருந்தால் அது நான்தான்." பிறகு, "துடைக்கவில்லை." இந்தக் கடைசி வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

எங்கள் பங்கில் இளைஞர்கள் எல்லாரும் அண்ணே, தங்கச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அண்ணே என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டால் கதை அதோடு முடிந்தது. நான் அவரை 'சார்' என்றேன். அவரும் என்னை எட்டு மாதமாக ஒரு தடவைகூடத் தங்கச்சி என்று சொல்லவில்லை. 'நீங்க' என்பதை வைத்துக்கொண்டே எப்படியோ சமாளித்தார். ஆனால் அதற்கு மேல் ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை. நானும் கேட்கிற ஆள் இல்லை. பூசையில் ஒருவரையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னேன். "யாருன்னு சொல்ல வேணாம்," என்று ஃபாதர் அவசரமாகத் தடுத்தார். நான் சொல்லித் தொலைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் வேலைக்கு வரவில்லை. பெண்டாங்கில் மாமா மகளுக்கு நிச்சயம். வயலை ஒட்டின அந்த வீட்டில் வந்த கிழவிகள் எல்லாம் என் கன்னத்தைக் கிள்ளி, "அடுத்தது நீதான்," என்று சொல்லிச் சொல்லிக் கன்னம் வீங்கியதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கு நேராகச் சுங்கைப் பட்டாணிக்கு வந்து இறங்கினேன். பூசை முடிந்து அலுவலகத்தைத் திறந்தால் மேசையில் ஒரு டிஸ்க். உறையில் அவருடைய எழுத்து. கூடவே ஒரு துண்டுக் காகிதம்:

"நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. ஜொகூரில் ஒரு பள்ளிக்கூடம். திங்கள் காலை அங்கே நிற்க வேண்டுமாம். நாளை ஞாயிறு மாலை ரயில். உங்களை இன்று பார்க்கலாம் என்று இருந்தேன். இந்த டிஸ்கில் உங்களுக்கு என்று ஒரு கோப்பு இருக்கிறது. தனி பாஸ்வர்ட். ஃபாதரிடம் சொல்லிவிட்டேன்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஜொகூர் என்றால் நாட்டின் அடுத்த முனை. ஆனால் 'உங்களுக்கு என்று ஒரு கோப்பு'! தனி பாஸ்வர்ட்! குடும்பக் கணக்கை யாராவது தனி பாஸ்வர்ட் போட்டுப் பூட்டுவார்களா? கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டார் என்றே முடிவு கட்டினேன். மாலைக்குள் அதைப் படித்து, ரயிலுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். பதில் போகாவிட்டால் மாட்டேன் என்று எடுத்துக்கொண்டு, காது சிவந்து, ஜொகூருக்குப் போய், அங்கே யாராவது ஒரு டீச்சரம்மாவைக் கட்டிக்கொள்வார். எல்லாம் எனக்குப் படமாகத் தெரிந்தது. அவர் வீட்டில் டெலிபோனும் கிடையாது.

பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஃபாதரிடம் ஓடினேன்.

"ஃபாதர், சார் நேத்து உங்ககிட்ட ஒரு பாஸ்வர்ட் சொன்னாராமே?"

ஃபாதரின் கை அப்படியே நின்றது. "எங்க வச்சி சொன்னாருன்னு எழுதியிருக்காரு?"

"எங்க வச்சி சொல்லுவாரு? பெட்டியிலதான்."

"அப்ப எனக்குத் தெரியாது."

"ஃபாதர்!"

"தெரியும்னும் சொல்ல மாட்டேன், தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். அவரு வந்தாரா வரலையான்னுகூட சொல்ல மாட்டேன். பெட்டிக்குள்ள கேட்டதுல பாவம் எது, பாஸ்வர்ட் எதுன்னு பிரிச்சிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"அது நாசிலெமாக் மாதிரி ஏதாச்சும் ஒரு வார்த்ததானே ஃபாதர்!"

"நாசிலெமாக்கா? யாரு சொன்னா?" என்றார் ஃபாதர் முகத்தைச் சலவைக்கல் மாதிரி வைத்துக்கொண்டு. என் சொந்த நாசிலெமாக்கைக்கூட என்னிடமே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்! பெட்டியில் சொன்னால் பத்திரம் என்று எட்டு மாதத்துக்கு முன்னால் தன் மூளையை மெச்சிக்கொண்ட ஒருத்தியை அப்போது என் கையால் நாலு அறை அறைந்திருப்பேன்.

உட்கார்ந்தேன். டிஸ்கைப் போட்டேன். கோப்பைத் திறந்தேன். திரை முழுக்க இதயங்கள். அத்தனை இதயங்களைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. செத்தவர்கள் பட்டியலைப் பூட்டினாலும் அதே இதயங்கள்தான் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அவர் மோட்டார் நம்பரைப் போட்டேன். டிஸ்க் கறகறவென்று அரைத்து, வேறு முகங்களையும் வேறு இதயங்களையும் காட்டி 'பீப்' என்றது. பள்ளிக்கூடத்தின் பெயர். 'பீப்'. ரொட்டி சானாய், அது அவருடைய முதல் மாத பாஸ்வர்ட். 'பீப்'. அவர் ஞானஸ்நானப் பெயர், அவர் ஞானஸ்நானத் தேதி. அதற்காக அவர் குடும்பத்தின் பக்கத்தையே புத்தகத்தில் தேடி எடுத்தேன். பெண் பார்க்க வந்து எட்டிப் பார்த்த அந்த அக்காவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி வந்தது; அதைத் தள்ளிவைத்தேன்.

ஃபாதர் ஒரு நாற்காலியை எடுத்துப்போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். என்னைத் தனியாக விட்டுப் போகவும் மனம் இல்லை, முகத்தைக் காட்டவும் பயம். மாதாப் பாட்டு ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிச் சொல்லித் தட்டினேன். அவருக்குப் பிடித்த படம், ஆலய மணி. 'பீப்'. அவர் அம்மா பெயர். 'பீப்'. வெட்கத்தை விட்டு என் பெயர். ஃபாதரின் பாட்டு நின்றது.

"ஏன் ஃபாதர் பாட்ட நிறுத்துனீங்க?"

"பாட்டு முடிஞ்சிருச்சும்மா!"

"நடுவுலயா?"

"எனக்கு அவ்வளவுதான் லா தெரியும்!"

என் பெயரும் 'பீப்'. என் பெயரை முன்னால் பின்னால் போட்டேன், திருப்பிப் போட்டேன், என் பிறந்த வருஷத்தோடு சேர்த்துப் போட்டேன். வேர்த்து ஊற்றியது. மணி ஒன்று அடித்தது. காலையில் பசியாறக்கூட இல்லை. இனிமேல் உட்கார்ந்தால் ரயில் போய்விடும். ஸ்டேஷனில் போய்ச் சொல்லலாம் என்றால் வழியனுப்ப அவர் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நிற்பார்கள். எனக்கு ஒரு வெறி வந்தது. அதில் என்ன எழுதியிருந்தால் என்ன? என் பதில் எனக்குத் தெரியுமே! பூட்டைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கம்ப்யூட்டரை அணைத்தேன்.

"ஃபாதர், உங்க காடியில என்னைக் கொண்டுபோய் விடுறீங்களா?"

ஃபாதர் சுவரிடம் யோசித்தார். "கேட்டா யார வேணும்னாலும் ஏத்திட்டுப் போவேன். அது பாவசங்கீர்த்தனத்துல சேராது." பிறகு, சத்தியமாக ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்: "எங்கம்மா போவணும்?"

"புக்கிட் செலம்பாவ்."

"ஓ. அங்கயா?" என்றவர், சாவியை எடுக்க எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

மணிக்கு நாற்பது மைல் வேகத்துக்கு மேல் போகாதவர் என்று பங்கு முழுவதும் கேலி செய்கிற மனிதர், அன்றைக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தப் பழைய காடியை விரட்டிய விரட்டில் என் கைப்பை பின்சீட்டுக்குப் போய்விட்டது. வளைவில் கதவைப் பிடித்துக்கொண்டேன். அதே மூச்சில் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. ஃபாதருடைய வாய் இறுக்கமாக, உள்ளே எதையோ அடக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. பின்னால் தெரிந்துகொண்டேன்: சாரும் பூசையில் ஒருத்தியையே நினைத்துக்கொண்டிருந்ததாக அதே பெட்டியில் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, இரண்டு பேரையும் தினமும் பார்த்துக்கொண்டு, ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் அந்த மனிதர் எத்தனை மாதம் பட்டிருப்பார்! அவருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

வீட்டு வாசலில் காடி நின்றதும் அவருடைய அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "வாங்க ஃபாதர், வாங்க, சொல்லாம கொள்ளாம..."

"சும்மாதான்மா வந்தேன். கோப்பி இருக்கா?" என்று ஃபாதர் அந்த அம்மாவை அப்படியே சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தார். தம்பிக்கு விட்டுவிட்டுப் போகிற மோட்டாரை, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். காது அதற்குள் சிவந்துவிட்டது.

நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் வழியிலேயே கொட்டிவிட்டது. "சரி," என்றேன்.

"என்ன சரி?"

"அதான். சரி."

"அந்த ஃபைல படிச்சீங்களா?"

"படிக்கல. ஃபாதர் பாஸ்வர்ட சொல்ல மாட்டேன்னுட்டாரு. பெட்டியில சொன்னத எப்படி சார் அவரு வெளிய சொல்லுவாரு?"

அவர் தலையில் கைவைத்தார், மண்ணெண்ணெய் தலையில் ஒட்டியது. "நான் அத யோசிக்கவே இல்லையே! நீங்கதானே பெட்டியில சொல்லச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். எம் புத்தி அவ்வளவுதான். உங்க மோட்டார் நம்பர்லேருந்து உங்க அம்மா பேரு வரைக்கும் போட்டுப் பாத்தேன். என்னதான் சார் போட்டீங்க?"

"பஸ் நம்பர்."

"எந்த பஸ்?"

"சனிக்கெழம பூச முடிஞ்சி நீங்க ஏறுற பஸ். அதோட பிளேட் நம்பர்." அவர் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பீடோங் வரைக்கும் பின்னாலயே வருவேன். நீங்க செமிலிங் பஸ்ஸுக்கு மாறி ஏறுனதும் திரும்பிருவேன்."

"உங்க வீடு அந்தப் பக்கம் இல்லையே?"

"இல்லதான்."

எட்டு மாதமாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நான் முன்னால் போகிற காடிகளையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்திருக்கலாம். அழுதுவிடப் போகிறேன் என்று பயந்து, "சரி, ஃபைல்ல என்ன எழுதியிருந்தீங்க? அதையாவது இப்ப சொல்லுங்க," என்றேன் அதட்டலாக.

அவர் மெதுவாகச் சொன்னார். "பதினாலு குறிப்பு இருக்கு. டிஸ்க்குல பூஞ்சக்காளான் பிடிச்சா எப்படித் தொடைக்கிறது. ரெண்டாவது டிரைவ் அரைச்சா என்ன பண்றது. கரித்துண்ட எப்ப மாத்துறது. பழைய பாஸ்வர்டு ஒண்ண மறுபடியும் போடக் கூடாது..."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கரித்துண்டா? கரித்துண்டுக்கா தனி பாஸ்வர்ட்? நான் காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்காம, ஃபாதர் சொவத்தப் பாத்து உக்காந்து, உங்க ஞானஸ்நானத் தேதிய எல்லாம் தோண்டி எடுத்து..." என் குரல் எனக்கே கேட்காத உயரத்துக்குப் போய்விட்டது. கேட்காத கேள்விக்கு, கேட்காத மனிதரிடம், மூன்று மைலுக்கு முன்னாலிருந்தே சிரித்துக்கொண்டு வந்து, சரி என்று சொல்லிவிட்டேன்! பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. திரும்பி நடந்தேன்.

"பதினஞ்சாவதும் ஒண்ணு இருந்துச்சி," என்றார் அவர் பின்னாலிருந்து.

நின்றேன்.

"எழுதித்தான் பூட்டுனேன். ஃபாதர்கிட்ட சொல்லிட்டு வெளிய வந்ததும் பயம் வந்துருச்சி. நீங்க என்ன நெனைப்பீங்களோன்னு. ஓடிப்போயி அத மட்டும் அழிச்சிட்டு, அதே பாஸ்வர்ட போட்டு மறுபடியும் பூட்டிட்டேன்."

உள்ளே அவருடைய அம்மா கோப்பி கலக்குகிற சத்தம் கேட்டது. நான் திரும்பினேன். அவர் கையில் துணி, நெற்றியில் கறுப்பு எண்ணெய், காது இரண்டும் மிளகாய்ப் பழம். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அத இப்ப கேக்கலாமா?" என்றார்.

"நான் பதில் சொல்லியாச்சு சார்," என்றேன். "கேள்விய நீங்க மெதுவா கேளுங்க."